டம்மி டக் முடிந்து மூன்றே மாதத்தில் மறு ஆபரேஷனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவத்துக்குப் பிறகோ, உடல் எடை நிறையக் குறைந்த பிறகோ தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் ‘டம்மி டக்’ ஆபரேஷனுக்கு விளம்பரங்கள் நிறைய வருகின்றன. ஆபரேஷனோடு அவற்றின் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘நினைத்த மாதிரி வரவில்லையே, திரும்பவும் செய்துகொள்ளலாமா’ என்று தவிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

தோற்றத்துக்காக மட்டும் என்றால் ஆறு மாதம் ஆகும்வரை கத்தி வைக்கக் கூடாது. ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது. இடுப்பு முதல் இடுப்பு வரை அறுக்கும்போது நிணநீர் வடியும் பாதைகளும் அறுபடுகின்றன. அதனால்தான் தழும்புக்கு மேலே உள்ள பகுதி காலையில் தட்டையாகவும் மாலையில் உப்பலாகவும் இருக்கிறது. தழும்பும் முதல் சில மாதங்களுக்குத் தடித்து, கருத்துத்தான் தெரியும். முழுதாக அடங்க 12 முதல் 18 மாதம் பிடிக்கும். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வு மெல்லத் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். மறு ஆபரேஷனால் அதைச் சரிசெய்ய முடியாது.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. தையல் ஓரத்தில் தோல் செத்துக் கருத்துப்போவது, துர்நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலிப்பது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி இரண்டும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானதன் அடையாளமாக இருக்கலாம். உயிர் போகக்கூடிய விஷயம். முதல் சில வாரங்களில் தோலுக்கும் தசைக்கும் இடையில் நீர் கோத்தால் ஒரு பக்கம் தட்ட மறுபக்கம் அலையடிக்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் பெரும்பாலும் சரியாகிவிடும், சில தடவை உறிஞ்ச வேண்டிவரும். ‘தானாக வற்றிவிடும்’ என்று மாதக்கணக்கில் விட்டால் நீரைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். பிறகு அந்த உறையையே வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும்.

அதிகம் பேர் குழம்புவது ‘மறுபடி தொப்பை வந்துவிட்டது’ என்பதில்தான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். நடுவயிற்றில் மேலிருந்து கீழாக மேடு எழும்பினால், டம்மி டக்கின்போது வயிற்றுத் தசைகளைச் சேர்த்து இறுக்கிய தையல் விட்டிருக்கலாம், அல்லது குடலிறக்கமாக இருக்கலாம். தீராத இருமல், மலச்சிக்கல், முதல் ஆறு வாரத்துக்குள் குடம் தூக்கியது எல்லாம் தையலை அறுக்கும். ஸ்கேனில் உறுதியானால் தோலை மறுபடி பிரித்து, முழு மயக்கத்தில் செய்ய வேண்டிய வேலை அது. கிட்டத்தட்ட முதல் ஆபரேஷன் அளவுக்கு. மேடு எழும்பவில்லை, தோலைக் கிள்ளினால் சதை தடிமனாகக் கையில் வருகிறது என்றால் அது தோலடிக் கொழுப்பு. குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் போதும். கிள்ளினால் மெல்லிசாக வருகிறது, ஆனாலும் வயிறு உருண்டையாக நிற்கிறது என்றால் கொழுப்பு குடலைச் சுற்றி இருக்கிறது. எத்தனை முறை தோலை இழுத்துத் தைத்தாலும் அது குறையாது. இப்படிப்பட்டவருக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்வது பணத்தையும் உடம்பையும் வீணாக்குவது என்பது என் கருத்து.

தழும்பின் இரு முனைகளிலும் சிறு முடிச்சுப்போல் தோல் துருத்தி நிற்பதைப் பலர் பெரிய தோல்வியாக நினைக்கிறார்கள். சில மாதங்களில் ஓரளவு தானாகவே அடங்கலாம். மிச்சத்தை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டிவிடலாம். இடுப்புத் தழும்பு அந்த அளவு நீளும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தழும்பு மேலேறி, உடைக்கு வெளியே தெரிகிறது என்பவர்களுக்கு வழி குறைவு. மேலே தளர்ந்த தோல் மிச்சம் இருந்தால்தான் அதைக் கீழே இறக்க முடியும்.

நம் தோல் நிறத்தில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் சிலிக்கான் ஷீட்டைத் தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வர வேண்டும்; அடங்காவிட்டால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி. கோட்டைத் தாண்டி நல்ல தோலிலும் படர்ந்தால் அது கீலாய்டு. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும்.

ஆபரேஷன் தேவை என்றே முடிவானாலும், எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் இருக்கிறதா, இன்னொரு குழந்தை வேண்டுமா என்று பாருங்கள். கர்ப்பம் தரித்தால் இறுக்கிய தசை மறுபடி விரியும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தால் முதலில் அதை ஏற்ற வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் என்றால் தள்ளிப்போட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பிரித்த தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் முன்னும் பின்னும் நான்கு வாரமாவது புகை ஆகாது. பாக்கெட் புகையிலை மெல்லுவதும் சேர்த்தித்தான்.

செலவு விஷயம். அழகுக்கான ஆபரேஷன் மெடிக்ளெய்ம் பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. குடலிறக்கம் அப்படியல்ல, பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் கிடைக்கும். ‘மறுமுறை இலவசம்’ என்று மருத்துவர் சொன்னால் அது அவருடைய கட்டணம் மட்டுமா, தியேட்டர், மயக்க மருத்துவர் செலவும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது கருத்துக்கு எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரிடம் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பும் வேண்டும். எந்தத் தையல் போட்டார்கள், தசைக்கு வலு சேர்க்கச் செயற்கை வலை வைத்தார்களா, தொப்புளை எப்படிப் பொருத்தினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

– ஓய்வு பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், மதுரை.