மூச்சு எண்ணிக்கை: இந்த வார உரையாடலுக்கான அறிவிப்பு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செவிலியப் பணியின் தரத்தை உயர்த்துவது பற்றிய நம் உரையாடலில், இந்த வாரம் மூச்சு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கருவி காட்டிவிடுகிறது. மூச்சைப் பெரும்பாலும் நாம்தான் கண்ணால் பார்த்து எண்ண வேண்டியிருப்பதால், வேலை நெருக்கும் நேரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுவே. ஒரு வார்டின் பதிவேட்டில் எல்லா நோயாளிகளுக்கும் 20 என்றே எழுதியிருந்தால், அங்கே யாரும் எண்ணவில்லை என்றே நான் கொள்வேன்.

நோயாளியின் நிலை மோசமாகும்போது, இரத்த அழுத்தம் குறைவதற்கு முன்பே பல வேளைகளில் மூச்சின் வேகம் கூடிவிடுகிறது. லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பீட்டு முறையில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்தும் கூடும்), நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையிலான மூச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம். 25ஐத் தொட்டாலோ 8க்கு இறங்கினாலோ, அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண் சேர்ந்துவிடுகிறது.

எண்ணப்படுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறக்கூடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மார்பு உயர்ந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தில், ஒரு மூச்சு தவறினாலும் விடையில் நான்கு குறையும்.

உங்கள் பிரிவில் இதற்கு எது தடையாக இருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே எழுதவும். ஆள் பற்றாக்குறைதான் காரணமென்றால் அதையும் தயங்காமல் குறிப்பிடலாம். மேலாளர்களும் இக்குழுவில் இருக்கிறார்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், பதிவேட்டின் படம் எதையும் பகிர வேண்டாம்.