வண்டியைப் பார்த்து வருமானத்தை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களின் வாகன மோகம் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒருவர் ஓட்டும் வண்டியைப் பார்த்தே அவருடைய வருமானத்தையும் வர்க்கத்தையும் சொல்லிவிடலாம் என்று தொடங்கி, வருமானம் குறைந்தவர்கள் விரலுக்கு மீறிய வீக்கமாகப் புதுக் கார் வாங்குவதற்கு வெற்றுப் பகட்டே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நிதி நிறுவனம் ஒன்றின் வாகனக் கடன் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவருடைய முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது கூற்று, என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர்களிடம் நான் கண்டவற்றோடு பொருந்தவில்லை.

அவர்களில் ஒரு பெண்மணியை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. விடியற்காலை 4 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், முதல் பேருந்தோ அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய சம்பளச் சீட்டுகளோடு வந்து, தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்து நல்ல வண்டி என்று சொன்ன, 9 ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்றுக்குக் கடன் கேட்டார். விலை குறைவு, எஞ்சின் நன்றாக இருக்கிறது, மூன்றே ஆண்டுகளில் அடைத்துவிடுவேன் என்றார். அவருடைய கணக்கில் பிழையே இல்லை. ஆனால் கடன் முடியும் நாளில் வண்டியின் வயது 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. விண்ணப்பத்தை நிராகரித்துக் கையெழுத்திட்டவன் நானே. இரண்டு வாரம் கழித்து அதே பெண்மணி ஒரு ஷோரூம் விற்பனையாளருடன் வந்தார். இம்முறை புதுக் கார், மூன்று மடங்கு விலை, 7 ஆண்டுத் தவணை, பெயரளவுக்கு முன்பணம். அதே சம்பளச் சீட்டுகளின்பேரில் அந்த விண்ணப்பத்துக்கு ஒரே நாளில் ஒப்புதல் கிடைத்தது. அவருடைய தெருவில் இருப்பவர்கள் அந்த வண்டியைப் பார்த்து என்ன பேசியிருப்பார்கள் என்பதைத் தங்கள் கட்டுரை எனக்குச் சொல்லிவிட்டது. அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தது எங்கள் விதிப்புத்தகம் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த விதிவிலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். கையில் சேமிப்பு உள்ளவர் வண்டியின் விலையைக் கேட்பார்; இல்லாதவர் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்பார். விற்பவருக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கும். ஏனெனில் தவணைக் காலத்தை நீட்ட நீட்ட, எந்த வண்டியையும் அந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். ஒரு லட்சம் கடனை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 3,320, மொத்த வட்டி 20,000-க்குச் சற்றுக் குறைவு. அதையே 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை ஏறத்தாழ 1,765-ஆக இறங்கும், மொத்த வட்டியோ 48,000-ஐத் தாண்டும். மாதச் செலவு பாதியாகிவிட்டது என்ற நிம்மதியோடு எழுந்து போகிறவரை நான் எத்தனையோ முறை வாசல்வரை சென்று வழியனுப்பியிருக்கிறேன்.

புது வண்டியின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாகச் சரிகிறது. அந்தச் சரிவை முதல் உரிமையாளர் தாங்கி முடித்த பிறகு, மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்குவதே சிக்கனம் என்பது வாகன வணிகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த பாடம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ரொக்கம் வேண்டும். பழைய வண்டிக்கான கடனுக்குப் பொதுவாக வட்டி கூடுதல், தவணைக் காலமும் குறைவு என்பதால், மாதத் தவணை என்ற ஒரே தராசில் நிறுத்தும்போது பழைய வண்டியும் புதிய வண்டியும் ஏறத்தாழ ஒரே எடையில் நிற்பது உண்டு. பழுதுபார்ப்புச் செலவையும், வண்டி நின்றுபோன நாளில் இழக்கும் கூலியையும் சேர்த்தால் புதியதே மலிவாகத் தோன்றும். பாதி வழியில் வேலை போய் வண்டியை விற்க நேரும்போதுதான், விற்ற பணம் பாக்கிக் கடனுக்கே போதாது என்பது தெரியவரும். ஆக, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பகட்டாகத் தெரிவது, உள்ளே பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான்.

வண்டிக்கும் வர்க்கத்துக்கும் இடையே விழுந்த முடிச்சைப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஹென்றி ஃபோர்டு 1908-ல் 850 டாலருக்கு அறிமுகப்படுத்திய மாடல் டி காரை, உற்பத்தி முறையைச் செம்மைப்படுத்தி 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்; எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கார், பல ஆண்டுகள் ஒரே கறுப்பு நிறம். அவருக்குப் போட்டியாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழியில் போனார். அடிப்படியில் ஷெவர்லே, உச்சியில் காடிலாக், இடையில் சில பெயர்கள் என்று வருமானத்துக்கு ஏற்ப ஏணி கட்டி, ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, நேற்று வாங்கியதை இன்று பழையதாக்கினார். அந்த ஏணியில் ஏறுவதற்குக் கடன் கொடுக்க 1919-லேயே அந்நிறுவனம் தனியாக ஒரு நிதிப் பிரிவைத் தொடங்கியிருந்தது. (என் பிழைப்புக்கு வித்திட்டவர்கள் அவர்கள்தாம், அதை மறைப்பதற்கில்லை.) இந்த ஏணிக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற மாடல் டி-யின் உற்பத்தியை 1927-ல் ஃபோர்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏணியின் அடிப்படி எது என்று ஊரறியச் சொல்லிவிட்டால் அதில் நிற்க ஆளிருக்காது என்பதற்கு 2008-ல் அறிமுகமான டாடா நானோ சான்று. இரு சக்கர வாகனத்தில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட அந்தக் கார், உலகிலேயே மலிவான கார் என்று பெயரெடுத்தது. தொழிற்சாலையை இடம் மாற்ற நேர்ந்தது, சில கார்கள் தீப்பிடித்தது போன்ற வேறு காரணங்களும் உண்டு என்றாலும், மலிவு என்ற முத்திரையே அதற்குப் பாதகமாயிற்று என்பதை ரத்தன் டாடாவே பிற்பாடு வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். 2018-ல் அதன் உற்பத்தி ஓய்ந்தது. பல ஆண்டுகள் சேர்த்துவைத்து முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பம், தன் வறுமைக்கான சான்றிதழை வாசலில் நிறுத்திவைக்க விரும்பவில்லை. இதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பகட்டே கிடையாது என்று நான் வாதாடவில்லை. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டின் அடிப்படையில் நடத்தப்படும் குலுக்கலில், ஒரு தெருவில் சீட்டு வாங்கியவர்கள் எல்லோரும் பரிசு பெறும்போது அவர்களில் ஒருவருக்கு பி.எம்.டபிள்யூ. காரும் கிடைத்துவந்தது. அப்படிப் பரிசு பெற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், தாங்கள் சீட்டே வாங்காதிருந்தும், கார்களுக்குச் செலவழிப்பது கூடியது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆசையைச் சமூகம் எப்படி ஊட்டி வளர்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட சோதனையில், சிக்னலில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். அது சில வேளை பளபளக்கும் உயர்ரகக் கார், சில வேளை துருப்பிடித்த பழைய கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் ஹாரன் அடித்தார்கள். உயர்ரகக் காருக்குப் பின்னால் நின்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஹாரனைத் தொடவே இல்லை. இப்படி ஒரு நிலைமையில் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் தாளில் எழுதிக் கேட்டபோது, ஆண்கள் உயர்ரகக் காரின் பின்னால்தான் விரைவாக ஹாரன் அடிப்போம் என்று பதில் எழுதியதுதான் வேடிக்கை.

கடன் கேட்டு வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர், ஷோரூமில் கதவைச் சாத்திச் சாத்தித் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. தகரம் போல அதிராமல் 'தப்' என்று அழுத்தமாக மூடிக்கொள்ளும் அந்தச் சத்தத்துக்காகப் பொறியாளர்கள் மெனக்கெடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிறர் தம்மிடம் பேசும் தொனி அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கட்டுரையின் முதல் கூற்று மேல்தட்டில்தான் முற்றிலும் தடுமாறுகிறது. நான் பார்த்த கோப்புகளில் பெருஞ்செல்வர் சிலர் பதினைந்தாண்டுப் பழைய காரை ஓட்டினார்கள். பெரிய கார்கள் பல, ஓட்டியவருடையவை அல்லாமல் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துடையவையாகவோ குத்தகைக்கு எடுத்தவையாகவோ இருந்தன. செல்வந்தர் பழைய காரில் வந்தால் எளிமை என்கிறோம். அதே வண்டியில் துப்புரவுப் பணியாளர் வந்தால் என்ன சொல்வோம்?

இந்தத் தவறான கணிப்பு தெருப்பேச்சோடு நிற்பதில்லை. சட்டத்திலும் ஏறி அமர்கிறது. அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தில், பயனாளியின் கார் 4,500 டாலருக்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் அந்தக் கூடுதல் மதிப்பு அவருடைய சொத்துக் கணக்கில் சேரும் என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சுமார் 20 ஆண்டுகள் கழித்து 1996-ல் அந்த வரம்பு உயர்ந்தது வெறும் 150 டாலர். வேலைக்குப் போவதற்கு நம்பகமான வண்டி வைத்திருப்பதே உதவி பெறுவதற்குத் தடையாக இருந்ததால், பிற்காலத்தில் மாநிலங்கள் பல அந்த விதியைத் தளர்த்தின. மறுபுறம், மின்சாரக் கார் வாங்குவோருக்கு அதே நாடு அளித்த வரிச் சலுகையில் ஏறத்தாழ 90 சதவீதம், வருமான வரிசையில் மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போய்ச் சேர்ந்ததாக 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. புதுக் கார் வாங்க வசதியும், கழித்துக்கொள்ளும் அளவுக்குக் கட்ட வேண்டிய வரியும் உள்ளவர்களுக்குத்தானே அந்தச் சலுகை பயன்பட்டிருக்கும்? வருமான உச்சவரம்பும், பயன்படுத்திய மின்சாரக் கார்களுக்கான சலுகையும் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றன.

கடைசியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை அச்சாகியிருந்த பக்கத்திலேயே கால் பக்கத்துக்கு ஒரு கார் விளம்பரம் இருந்தது. மாதத் தவணை எவ்வளவு என்பது கட்டைவிரல் அளவு எண்களில் அச்சாகியிருந்தது; தவணைக் காலம் 84 மாதங்கள் என்பதைப் படிக்க நான் பூதக்கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது; கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது எங்கும் இல்லை. தவணையைக் காட்டி வெளியாகும் வாகன விளம்பரங்களில், தவணைக் காலத்தையும் மொத்தத் தொகையையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டாக வேண்டும் என்று தங்கள் விளம்பரப் பிரிவு ஒரு நிபந்தனை விதிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனக் கடன் அலுவலர்