பனிக்கு நடுவே எதற்கு ஃபேன்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் கடையில் உட்கார ஆரம்பித்துவிட்டான் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். வண்டி ஒயரிங் வேலையில் அவன் உன்னைவிடப் பொறுமைசாலி என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அவன் பெரிதாக ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக் லேபில் உன் பக்கத்தில் நின்றவன் நான். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை கிடைத்துச் சிகாகோ போய்விட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டதால் சனிக்கிழமைகளில் நான் மீன் பிடிக்க ஏரிக்குப் போவது கூடிவிட்டது.

"மைனஸ் 20 டிகிரியில், உறைந்த ஏரிமேல் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஃபேன் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். இங்கேயே பலர் விளக்கை மாட்டிவிட்டு ஃபேனை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றுதான் கொண்டுபோகலாம் என்றால் ஃபேனைத்தான் எடுத்துப்போவேன். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச் போதும்.

நான் போவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மில் லாக்ஸ் ஏரிக்கு. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஆழம் எங்கும் 42 அடியைத் தாண்டாது. நடந்து போகவே குறைந்தது 4 அங்குலம் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை. ஜனவரியில் அதைப்போலப் பல மடங்கு இறுகிவிடும். ஏரிமேல் கார்கள் ஓடும். துளை போட்டு ஆளுக்கு இரண்டு தூண்டில் விடலாம். பெரும்பாலோர் காத்திருப்பது வால்ஐ என்ற மீனுக்காக. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்கு நன்றாகத் தெரியும். அந்தி நேரத்தில்தான் மும்முரமாக இரை தேடும். இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மீனுக்குக் கண் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் நமக்குத் தெரியாமல் போகிறது.

இனி ஃபேன். கூடாரம் 8 அடிக்கு 8 அடி, பஞ்சு வைத்துத் தைத்த துணி. உள்ளே சிறிய புரொப்பேன் ஹீட்டர். சூடான காற்று முழுவதும் கூரைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். நெற்றி வியர்க்கும், காலடியில் துளையின் நீர் மறுபடி உறைய ஆரம்பிக்கும். கூரையருகே ஒரு கம்ப்யூட்டர் ஃபேனைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் இந்தச் சண்டை தீர்ந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வெளியாகிறது. நம் வீட்டுச் சமையல் கேஸும் அதைத்தான் செய்கிறது, ஜன்னல் திறந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. இங்கே அவ்வளவும் கூரைத் துணியில் படிந்து பின்கழுத்தில் சொட்டும். மடித்து வண்டியில் ஏற்றுவதற்குள் துணி உறைந்து அப்பளமாக விறைத்துவிடும். அதனால் இரண்டாவது ஃபேன் ஒன்றைக் காற்றுத் துவாரத்தின் அருகில் வெளிநோக்கி வைத்திருக்கிறேன்.

ஃபேன் ஓடுகிறதே என்று துவாரத்தை மூடிவிடக் கூடாது. ஹீட்டரிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. அதற்கென்று தனி அலாரம் ஒன்று எப்போதும் உள்ளே தொங்குகிறது. ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சின்னப் பைலட் சுடர்மேல் ஃபேன் காற்று நேராக அடிக்கவும் கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சுடர் சென்சாரை விட்டு விலகி, கேஸ் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். காற்றில் சுடர் ஆடினாலும் அதே கதைதான்.

உன் துறைக்கு வருகிறேன். எல்லாம் 12 வோல்ட். எல்.இ.டி. விளக்கு ஸ்ட்ரிப் மொத்தம் இரண்டு மீட்டர், சுமார் 10 வாட். இரண்டு ஃபேனும் சேர்ந்து அரை ஆம்பியருக்குள். மொத்தம் ஒன்றே கால் ஆம்பியர் என்று வைத்துக்கொள். யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும் என்று நீ கணக்குப் போடுவாய். இந்தக் குளிரில் ஈய பேட்டரி பாதியைத்தான் தரும். அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கினேன், 20 ஏ.எச்.; எடை இரண்டரை கிலோதான் இருக்கும். மின்சாரம் எடுப்பதற்கு அது குளிரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாக உள்ளேயே படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜரை மாட்டுகிறேன். உன் கடைக்கு மின்சார ஆட்டோக்கள் வர ஆரம்பித்துவிட்டன என்று எழுதியிருந்தாயே, அங்கே அந்த பேட்டரிகளுக்கு வெயிலால் தொல்லை, இங்கே குளிரால்.

ஃபியூஸ் விஷயத்தில் நீ பையன்களைத் திட்டும் அதே விதிதான்: பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள், 3 ஆம்பியர். பனிமேல் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் ஷாக் அடிக்காதா என்று அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஷார்ட் ஆனால் ஒயர் பழுக்கக் காயும், சுற்றிலும் இருப்பதோ துணியும் கேஸ் சிலிண்டரும். இதை அம்மாவிடம் விளக்கவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

உண்மையில் கஷ்டமான பகுதி மின்சாரக் கணக்கு அல்ல, கூடாரம் மடியும் பொருள் என்பதுதான். லாரியில் நீ போடும் ஒயர் போட்ட இடத்தில் கிடக்கும். இங்கே ஒவ்வொரு முறையும் சுவர்கள் நடுவில் உள்வாங்கி, கம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, எல்லாம் ஒரு பைக்குள் போகவேண்டும். சாதாரண பி.வி.சி. ஒயர் குளிரில் விறைத்து, வளைத்தால் தோல் வெடிக்கும். சிலிக்கான் உறை போட்ட முக்கால் ஸ்கொயர் எம்.எம். ஒயர் அப்போதும் நூல்போல் வளைகிறது. விலை அதிகம்தான், தயங்காமல் வாங்கலாம். ஸ்ட்ரிப்பைத் துணியோடு ஒட்டிவைப்பவர்கள் உண்டு. நான் அதற்கு எதிரி. கம்பு மடியும் இடத்தில் அது முதல் மாதமே விட்டுப்போகும். விளக்கு, ஃபேன், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கட்டி, கொக்கிகளில் மாட்டுகிறேன். கிளம்பும்போது முதலில் அது கழன்று டப்பாவுக்குள் போகிறது, பிறகுதான் கூடாரம் மடிகிறது. இணைப்புகள் தலைகீழாக மாட்டவே முடியாத வகை. சுவிட்ச் தடித்த கையுறையோடு தட்டக்கூடிய பெரிய டாகிள்.

வெளிச்சத்தைக் குறைக்க டிம்மர் போடவில்லை. மலிவான டிம்மர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் மீன் தேடும் சோனார் கருவியின் திரையில் இல்லாத மீனெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பதில் இரண்டு ஸ்ட்ரிப், இரண்டு சுவிட்ச். சோனாருக்குத் தனி பேட்டரி. ஸ்ட்ரிப்பைக் கூரை ஓரமாகவே ஓட்டுகிறேன், வெளிச்சம் நேராகத் துளைக்குள் விழாமல். வெளிச்சம் மீனை விரட்டுமா, அழைக்குமா என்று பக்கத்துக் கூடாரக்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நான் தலையாட்டிவிட்டுத் தூண்டிலைப் பார்ப்பேன்.

ஒரு சந்தேகம். கிரிம்ப் செய்த, அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்கிய, இணைப்புகளுக்குமேல் ஸ்லீவ் போட்டிருக்கிறேன். ஆனாலும் உள்ளே ஈரம் ஏறிப் பச்சை பூக்கிறது. தூத்துக்குடிப் படகு விளக்குகளுக்கு நீ ஏதோ தடவுவாயே, கிரீஸா, வேறு ஏதாவதா? பெயரை மறக்காமல் எழுது. ஆடி மாதம் ஊருக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி முடிவானதும் சொல்கிறேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்