பாப்பாவுக்கு, அந்த எட்டாவது ஆளைப் பற்றி

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். "ஒண்ணும் இல்லம்மா, எங்க கேம் குரூப்ல சின்னப் பிரச்சினை, எட்டுப் பேர்ல ஒருத்தர எடுத்துடலாங்கறாங்க" என்று சொன்ன கையோடு அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாய். உன் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டோடு பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். மறுபடி போன் போட்டுக் கேட்டால் நீ மறுபடியும் பேச்சை மாற்றுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீ விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் நீ ஆடுகிற அந்த ஆன்லைன் ஆட்டம், ஃபைனல் ஃபேன்டசி 14, அதை நானும் போட்டிருக்கிறேன். காசு கட்டாமல் 70ஆவது லெவல் வரை ஆடலாம் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். இறங்குவதற்கு இரண்டு ராத்திரி ஆனது. கிரிடேனியாவில் ஆரம்பித்தேன். மரப்பாலமும் ஓடையும் தண்ணீர்ச் சக்கரமுமாக அந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. உருவம் லாலாஃபெல், இடுப்பு உயரம்தான். வேலை, காயத்தை ஆற்றுவது. உன்னை மாதிரியே ஹீலர்.

போன செவ்வாய்க்கிழமை சாஸ்தாஷா குகைக்குள் முதல் தடவை போனேன். நாலு பேர். அடி வாங்கித் தாங்க ஒரு டேங்க், அடிக்க இரண்டு பேர், ஆற்ற நான். யாரும் தெரிந்தவர்கள் இல்லை. "எனக்கு இது முதல் முறை, மன்னியுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். உள்ளே ஒரு இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடக்கிறது. எந்த நிறப் பவளத்தைத் தொட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் அந்தக் குகையை நூறு தடவை பார்த்திருப்பார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, சீட்டைப் படித்து, திரும்பிப் பார்த்தால், டேங்காக வந்தவர் முன்னால் ஓடாமல் பவளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். "நிதானமாகப் பாருங்கள், நீங்களே தொடுங்கள்" என்று எழுதியிருந்தார். சிவப்பு. நான்தான் தொட்டேன்.

முடிந்து வெளியே வந்ததும் எனக்கு ஒரு பாராட்டு விழுந்திருந்தது. கூட ஆடியவர்களில் ஒருவருக்குத்தான் ஒரு ஆள் அதைக் கொடுக்க முடியும், சேர்ந்தே வந்த ஆளுக்குக் கொடுக்க முடியாது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஆக, முன்பின் தெரியாத ஒருவர் எனக்குக் கொடுத்தது. பாப்பா, நான் அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

புதிதாக வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை முளை போடுகிறார்கள். ஒரு குகைக்கு முதல் தடவை வருகிற ஆள் கூட இருந்தால் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பரிசு. யார் யோசித்தார்களோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள். புது ஆள் சுமை என்று தோன்றாதபடி கணக்கை அங்கேயே சரிக்கட்டிவிட்டார்கள். அந்த ஆட்டத்து ஜனங்களுக்கு நல்ல பெயர் இருப்பதற்கு அவர்கள் குணம் மட்டும் காரணமாக இருக்காது. விதியை எழுதினவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2010 செப்டம்பரில் முதலில் வெளியிட்டு அது சரியில்லை என்று எல்லோரும் திட்டியதும், டிசம்பரில் நவோகி யோஷிதா பொறுப்புக்கு வந்ததும், 2012 நவம்பரில் அந்த உலகத்தையே மூடிவிட்டு அடுத்த ஆகஸ்டில் புதிதாகத் திறந்ததும் நீ சொன்ன கதைகள்தான். ஆட்டக்காரர்களுக்கு அவர் கடிதம் எழுதுவார் என்றும் சொன்னாய். "தயாரிப்பாளரின் கடிதம்" என்றே அதற்குப் பெயராம். தப்பை ஒப்புக்கொண்ட மனுஷனிடம் ஜனங்கள் கோபத்தை நீட்டுவதில்லை.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிற நான் 2007 டிசம்பரில் என்ன செய்தேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் மறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று மாதம். நீ ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டமே கதி என்று கிடந்தாய். நான் மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீ அழுதாய். விளையாட்டுக்கு ஒரு பிள்ளை இப்படியா அழும் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எதற்கு அழுதாய் என்று நீ சொல்லி எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த மாதம்தான் ரூன்ஸ்கேப்பில் வேறு ஆட்டக்காரரோடு சண்டை போடும் காட்டுப் பகுதியை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் பொருள் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. கொடுக்கிற பொருளுக்குக் கிட்டத்தட்டச் சமமான விலை திரும்பி வர வேண்டும். கம்பெனியைச் சொல்லியும் குற்றமில்லை. தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கிற கூட்டம் திருட்டுக் கிரெடிட் கார்டுகளை வைத்து உள்ளே புகுந்திருந்தது. ஆனால் அதற்குப் போட்ட பூட்டு, தோழிக்கு ஒரு கவசத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற பதினைந்து வயதுப் பெண்ணின் கையிலும் விழுந்தது. ஆட்டக்காரர்கள் நகரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடிக் கத்தினார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாய். அந்த நேரத்தில்தான் நான் வயரைப் பிடுங்கினேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அவர்கள் கேட்டது பிறகு கிடைத்தது. 12 லட்சம் ஓட்டு விழுந்து, நூற்றுக்கு 91 பேர் பழையபடி வேண்டும் என்று சொல்லி, 2011 பிப்ரவரியில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். 2012இல் சண்டை முறையை அடியோடு மாற்றியதும் மறுபடி சண்டை. அடுத்த பிப்ரவரியில் 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்திருந்த நகலிலிருந்து பழைய ரூன்ஸ்கேப்பைத் தனியாகத் திறந்தார்கள். அதற்கும் ஓட்டெடுப்புதான். ஹாஸ்டலிலிருந்து நீயும் போட்டாய். அந்தப் பழைய ஆட்டத்தில் புதிதாக எதைச் சேர்த்தாலும் ஓட்டுக்கு வைப்பார்கள், நூற்றுக்கு 75 வேண்டும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. 2022இல் அதை 70 ஆக்கினார்கள் என்று இப்போது படித்தேன். பத்தில் ஏழு பேர் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வாள்கூட உள்ளே வரும் என்றால், அது லேசான காரியமா? நம் தெருவில் பத்தில் ஏழு பேரை ஒரு குப்பைத் தொட்டி விஷயத்தில் ஒத்துப்போக வைக்க முடியவில்லை.

ஆனால் கூட்டமாக ஓட்டுப் போடுகிற அதே ஜனம் தனி ஆளிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு. வெனிசுவேலாவில் பணம் கந்தலானபோது, அந்த ஊர்ப் பிள்ளைகள் பழைய ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, தங்கத்தை விற்று, அதில் வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். விதிப்படி அது தப்பு. அதனால் அவர்களைத் தேடிப் போய்க் கொல்வது எப்படி என்று வழிமுறை எழுதியவர்கள் உண்டு. பசிக்காகச் செய்கிறவனை விட்டுவிடுங்கள் என்றவர்களும் உண்டு. நீ அப்போது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போது உன் குரூப்பைப் பற்றித் தைரியமாகச் சொல்ல வருகிறேன்.

எட்டுப் பேர். இரண்டு டேங்க், இரண்டு ஹீலர், நாலு பேர் அடிக்க. குறிப்பிட்ட நேரத்துக்குள் பாஸ் என்கிற பெரிய எதிரியை முடிக்காவிட்டால் அது எல்லோரையும் ஒரே அடியில் சாய்த்துவிடும். அந்த நாலு பேரில் ஒருவர் வயதானவர், கை கொஞ்சம் நிதானம். யாரோ மீட்டர் போட்டு, யார் எவ்வளவு அடித்தார்கள் என்ற கணக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நீங்கள் எல்லோரும் பேசிக்கொள்கிற டிஸ்கார்டில் ஒட்டிவிட்டார்கள். அவர் பெயர் கடைசியில். அவரை எடுத்துவிடலாம் என்று மூன்று பேர் சொல்கிறார்கள். இவ்வளவுதான் நீ சொன்னது. மீதியை நான் யூகித்தேன்.

அந்த மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆறு வாரமாக ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால் யாருக்கும் சலிப்பு வரும். வேலை முடிந்து வந்து ஒதுக்குகிற நேரம் அது. ஆனால் வெளி மென்பொருளைப் போட்டுக் கணக்கெடுக்கக் கூடாது என்று கம்பெனி விதியே இருக்கிறது, இல்லையா? ரகசியமாக நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள், அது வேறு. அந்தக் கணக்கை ஒருவர் முகத்தில் எறிந்தால் எறிந்தவர்மேல் நடவடிக்கை உண்டு என்றும் நீதான் சொன்னாய். அந்த விதியை எழுதினவருக்கு மனுஷர்களைத் தெரிந்திருக்கிறது.

எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் கணக்கு உண்டு. ஒரு ஷிப்டில் யார் எத்தனை கால் போட்டுக் கொடுத்தார்கள் என்று டிக்கெட்டை எண்ணுவார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு கட்டணம், பெரும்பாலும் சாவுச் செய்தி, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. எங்களில் ஒரு அக்காவுக்கு எண்ணிக்கை எப்போதும் குறைவு. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து எண்ணைப் படித்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு மட்டும் தெரியும். சாவுச் செய்தி கேட்டு மறுமுனையில் பேச்சே இல்லாமல் போனால், அக்கா லைனை எடுக்க மாட்டார். "அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? தண்ணி குடிங்க. அவங்களக் கூப்பிடுங்க, நான் லைன்ல இருக்கேன்" என்று இருப்பார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது. எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பயந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுத்த மாதம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் எட்டுப் பேருக்கும் சண்டைக்கு முன்னால் சாப்பாடும் மருந்துக் குப்பியும் செய்து கொடுப்பது யார் என்று போன தீபாவளிக்கு நீ வந்தபோது சொன்னாய். அந்த வயதானவர்தான். சனிக்கிழமை பூராவும் மீன் பிடித்து, மூலிகை பறித்து, ஆளுக்கு இத்தனை என்று பிரித்து வைப்பார் என்றாய். 2021இல் பெர்செர்க் என்ற ஜப்பானியப் படக்கதையை வரைந்த கென்டாரோ மியுரா இறந்தபோது கறுப்புக் கவசமும் பெரிய வாளுமாக ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று அஞ்சலி செலுத்திய படத்தை எனக்கு அனுப்பினாய், நினைவிருக்கிறதா? அந்த வரிசைக்கு உன்னைக் கூட்டிப்போனதும் அவர்தான் என்றாய். இதில் எது அந்த மீட்டரில் வருகிறது?

அதற்காக அவரைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. டிஸ்கார்டில் ஒட்டிய அந்தக் கணக்குப் படத்தை இன்றைக்கே நீக்கச் சொல். ஒட்டியவரிடம் தனியாகப் பேசு. அப்புறம் அந்த வயதானவரிடம் நேராகப் பேசு, மற்றவர்கள் பேசி முடிப்பதற்கு முன்னால். முடியவில்லை என்று அவரே சொல்லலாம். வேறு வேலைக்கு மாறுகிறேன் என்று சொல்லலாம். இன்னும் இரண்டு வாரம் கேட்கலாம். அவர் இல்லாத அறையில் அவரைப் பற்றி முடிவெடுப்பதை மட்டும் நீ அனுமதிக்காதே. நீதானே தலைவி.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ராத்திரி ஷிப்டில் லைன் சும்மா இருக்கும்போது திருநெல்வேலி போர்டில் ஒரு பெண் என்னோடு பேசுவாள். ஆறு வருஷம். அவள் மாமியாரின் கோபம், இரண்டாவது பையனின் இளைப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. எஸ்டிடி வந்து போர்டுகள் போனதும் அவளும் போய்விட்டாள். "முகம் தெரியாத ஆளுங்களோட என்ன பேச்சு" என்று உன்னைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது கிரிடேனியாவில் நிற்கும்போது தினமும் வருகிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். காசு கட்டாத ஆளால் தனியாக ஒருவருக்குச் செய்தி அனுப்ப முடியாது, சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது, குழு அமைக்கவும் முடியாது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசலாம், யாராவது குழுவுக்கு அழைத்தால் சேரலாம். அதனால் வருகிற சனிக்கிழமை நம்ம ஊர் நேரம் மதியம் மூன்று மணிக்கு, உனக்கு மெல்பர்னில் இரவு ஆகியிருக்கும், கிரிடேனியா நடுவில் அந்தப் பெரிய நீலக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீதான் வந்து என்னைக் கூப்பிட வேண்டும். அடுத்த குகைக்கு நாலு பேர் தேவை. நான் ஆற்றுகிறேன், நீ டேங்காக வா. அடிக்க அந்த வயதானவரைக் கூட்டி வா, நான் கேட்டேன் என்று சொல். நாலாவதாக, அந்தப் படத்தை ஒட்டியவர் வருவாரா என்று கேட்டுப் பார்.

அன்புடன்,
அம்மா