கணினிப் பெட்டிக்கு டயர் கடைக் காற்று வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் ஒட்டடை அடித்து, சாயம் பூசி, திரைச்சீலை வரை மாற்றும் நம் மக்கள், கணினியின் முறை வந்ததும் பெட்டியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். காற்றடிக்கும் குழாயை உள்ளே விட்டு இரண்டு நிமிடம் அடித்தால் தூசு பறந்துவிடும், காசும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் காற்றே பல பெட்டிகளுக்கு எமனாகிறது. எங்களைப் போன்ற பழுதுபார்ப்பவர்களுக்கு அதனால் வேலை கிடைக்கிறது என்றாலும், வேண்டாத செலவு வேண்டாத செலவுதான்.

டயர் கடையில் காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரசரின் தொட்டியில் ஏறக்குறைய 8 பார் அழுத்தம் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றை அப்படி அடைக்கும்போது உள்ளே தண்ணீர் தேங்கும். எண்ணெய் ஊற்றி ஓட்டும் கம்ப்ரசராக இருந்தால் எண்ணெய்த் துளியும் சேரும். இரண்டும் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டின் மேல் சாரலாக விழும். விசிறியோ அளவு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். போதாததற்கு, சுழலும் விசிறி ஒரு குட்டி டைனமோவாகி மின்சாரத்தை மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பும். வீட்டு வேக்குவம் கிளீனரும் உதவாது. அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும். ரேம் என்ற நினைவகத் தகட்டுக்கும் சிப்புகளுக்கும் அது ஆகாது.

தோட்டப்புற வீடுகளின் தூசு ஒரு ரகமல்ல. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் கிளப்பும் செம்மண் இருக்கிறது. கணினி பெரும்பாலும் கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருப்பதால் சாம்பிராணி, கற்பூரப் புகை இருக்கிறது. கொசுவர்த்தியும் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. புகைக்கரி விசிறி இறக்கைகளின் விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டும், செம்மண் அதன்மேல் படியும். இதைக் காற்றால் மட்டும் பெயர்க்க முடியாது, தூரிகை வேண்டும். அப்படியே விட்டால் தூசு ஈரத்தை உறிஞ்சி, செப்புக் கோடுகளில் பச்சை பூத்து, ஒருநாள் பெட்டி எழாது.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு ஸ்குரூ டிரைவர், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஓர் அங்குல மென்மையான பெயிண்ட் தூரிகை, கேமராவுக்குப் பயன்படும் ரப்பர் ஊதி, காது குடையும் பஞ்சுக்குச்சி, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு முகக்கவசம். மருந்துக் கடையின் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. டப்பாவில் அடைத்த காற்று வாங்கினால் நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் குளிர்ந்த திரவம் பீச்சும்.

கணினியை முறையாக அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். எல்லா வயர்களையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், இடப்பக்க மூடியைத் திறந்து, உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுங்கள். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தூரிகையால் தட்டி, ஊதியால் வெளியே ஊதுங்கள். முன்பக்க வலை இருந்தால் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம், கணினியின் மூளையான பிராசசர் மேலுள்ள விசிறி. மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். கழற்றினால்தான் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் கிடப்பது தெரியும். காற்று அதைத் தாண்டிப் போகாது. பிராசசர் 95, 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் அணைந்துபோகும். "கணினி ஸ்லோவாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்ற முடிவுக்குப் பின்னால் பல வீடுகளில் இந்தப் படலம்தான் இருக்கிறது. நம் வெயிலில் சும்மா இருக்கும்போது 40 முதல் 50 பாகை, கனமான வேலையில் 80 பாகை வரை கவலையில்லை. கணினி எழும்போது திறக்கும் பயோஸ் என்ற அமைப்புத் திரையிலேயே வெப்பநிலையைப் பார்க்கலாம்.

அந்த அலுமினியத் தகட்டுத் தொகுதியான ஹீட்சிங்க்கையே எடுத்தால், அதற்கும் பிராசசருக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். பழையதை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வைத்தால் போதும், அழுத்தத்தில் தானே பரவும். இன்டெல் நிறுவனப் பிராசசரோடு வரும் விசிறியில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். தலையில் உள்ள அம்புக்குறித் திசையில் கால் சுற்றுத் திருகி மேலே இழுத்தால் விடுபடும். மாட்டுமுன் அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, எதிர் எதிர் மூலையாக 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். மூன்று பிடித்து ஒன்று பிடிக்காமல் போவதுதான் வழக்கமான கோளாறு. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சூடு மட்டும் இறங்காது. மதர்போர்டின் பின்பக்கம் தெரிந்தால் நான்கு ஊசிகளும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசசரில் ஆபத்து வேறு. காய்ந்த பேஸ்ட் பிராசசரை ஹீட்சிங்க்கோடு சேர்த்துப் பிடுங்கிவிடும், மெல்லிய கால்கள் வளையும். அதனால் அணைப்பதற்குமுன் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு இலேசாக இடம் வலம் திருகித் தூக்க வேண்டும். கை நடுங்குபவர்கள் இந்த வேலையைக் கடைக்கே விட்டுவிடலாம், வெட்கமில்லை.

பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் 'பீப், பீப்' என்று கத்தி, திரையில் ஒன்றும் வராவிட்டால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். கழற்றி, அதன் விளிம்பிலுள்ள பொன்னிறக் கால்களை ஆல்கஹாலால் துடைத்து, பக்கவாட்டுக் கொக்கி தானே மூடும்வரை அழுத்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய், இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று அடம் பிடித்தால், குற்றவாளி மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற சில்லறை விலை பட்டன் பேட்டரி.

எறும்பு புகுந்தால் கொசு மருந்து அடிக்காதீர்கள்; அதன் எண்ணெய்ப் பசை தூசுக்கு அழைப்பு. தின்பண்டத்தை மேசையிலிருந்து அகற்றி, பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் துளைகளைத் தகட்டால் மூடினால் பல்லியும் வராது. பெட்டியைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத்தில், சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி வையுங்கள். அழகுக்குப் பூத்துணி போர்த்துபவர்கள், பெட்டி ஆறிய பிறகு போர்த்தி, சுவிட்சைப் போடுமுன் எடுத்துவிடட்டும்.

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளையின் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும், மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து விசிறி வழியாகத் தூரிகை போட்டு, மெதுவாக ஊதினால் போதும்.

தீபாவளிச் சுத்தம் நடக்கும் அக்டோபர், நவம்பர்தான் நம் பக்கம் மாலை இடியும் மின்னலுமாக இருக்கும் காலம். சிரிம் என்ற மலேசியத் தர முத்திரையுள்ள நீட்டிப்புப் பலகை நல்லதுதான், ஆனால் பக்கத்தில் விழும் மின்னலை அது தாங்காது. வானம் கறுத்ததும் மின்பிளக்கோடு, ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் லேன் வயரையும் பிடுங்குங்கள். பைபர் இணைப்பில் வருவது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது என்பது உண்மை. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது? மின்னல் அதன் வழியாக ஏறி, லேன் வயரில் இறங்கி, மதர்போர்டைத் தாக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்