நிலாவெளிக்கு வருமுன்

திருகோணமலை

அன்பின் சாந்தி,

கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, கிணற்றுத் தண்ணீரும் கீழே இறங்கிவிட்டது. ஆவணி லீவுக்கு நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் வருகிறீர்கள் என்றதில் சந்தோஷம். அதற்குள், மகள் றேசரால் கால் மயிரை மழித்தபின் வரும் எரிவுக்கும் பருவுக்கும் வழி கேட்டிருந்தாய்.

ஏதும் வாங்கிப் பூசமுன் நல்ல வெளிச்சத்தில் அந்தத் தோலை வடிவாகப் பார். மழித்த கொஞ்ச நேரத்திலேயே பரவலாகச் சிவந்து எரிந்து, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கினால் அது வெறும் றேசர் எரிவு. மயிர்க்காலில் சின்னச் சின்னப் பரு, நுனியில் சீழ் என்றால் பெரும்பாலும் கிருமி புகுந்திருக்கிறது. பருவுக்குள்ளே மயிர் கறுப்பு நூல் மாதிரிச் சுருண்டு தெரிந்தால் அது தோலுக்குள் வளர்ந்த மயிர். இந்த மூன்றுக்கும் ஒரே கிரீமைப் பூசுவதுதான் எங்கள் ஆட்கள் விடுகிற பிழை.

எரிவு மட்டும் என்றால், ஆறும்வரை றேசரைத் தொடவேண்டாம். குளிர்தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போடட்டும். கற்றாழை நல்லது, ஆனால் வெட்டியவுடன் பூசக்கூடாது. மடலை நிமிர்த்தி வைத்தால் அடியில் மஞ்சளாக ஒரு பால் வடியும். தோலைக் கடிக்கிறது அதுதான். கால் மணித்தியாலம் வடியவிட்டுக் கழுவி, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் எடு. அரிப்புத் தாங்காவிட்டால், அதை அடக்கும் 1 வீத ஹைட்ரோகோட்டிசோன் என்ற மெல்லிய ஸ்டீரோயிட் கிரீமை மெல்லிசாக, நாளுக்கு இரண்டு தரம், இரண்டு மூன்று நாள் பூசலாம். ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். சீழ் உள்ள இடத்தில் பூசவே வேண்டாம். யாரோ பாவித்து மிச்சம் வைத்த கடுமையான ஸ்டீரோயிட் கலவைக் கிரீம் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடு.

சீழ்ப் பருவுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், நாளுக்கு மூன்று தரம், பத்துப் பதினைந்து நிமிடம். கிருமியைக் கொல்லும் பென்சொயில் பெரொக்சைட் கலந்த கழுவலும் உதவும். நன்றாகக் கழுவிவிட்டு வெள்ளைத் துவாயால் துடைக்கட்டும், நிறத்துவாய் வெளுத்துப்போகும். உள்வளர்ந்த மயிருக்கும் ஒத்தடம்தான். ஊசியால் கிண்டவே கூடாது, எங்கள் நிறத்துக்குக் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிவப்பு பரவி, சுட்டு, காய்ச்சலும் வந்தால் டொக்டரிடம் காட்டு. நீரிழிவு உள்ளவர்கள் அதுவரை காத்திருக்கவும் கூடாது.

இனி வராமல் இருப்பதற்கு: மழிப்பது குளிப்பின் கடைசியில். ஐந்து நிமிடமாவது இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறினால்தான் மயிர் மெதுமையாகும். இங்கே பல கிணறுகளில் சவுக்காரம் நுரைக்காது. நுரைக்காத சவுக்காரத்தோடு மழிப்பது வெறும் தோலைச் சுரண்டுகிற மாதிரி. ஜெல் இல்லாவிட்டால் தலைமயிருக்குப் போடும் கண்டிஷனரே போதும்.

மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுக்கவேண்டும். ஒவ்வொரு இழுவைக்கும் அலகைக் கழுவவேண்டும். முழங்காலில் கொஞ்சம் மடித்தால் தோல் சமப்படும். ஐந்து அலகு றேசர் விளம்பரத்துக்கு வடிவு, பரு வருகிறவர்களுக்குச் சரிவராது: முன் அலகு மயிரைத் தூக்க, பின் அலகு அடியில் வெட்ட, வெட்டின நுனி தோலுக்குள்ளே போய் அங்கேயே வளைந்து வளரும். ஒன்றோ இரண்டோ அலகு உள்ளது நல்லது. ஐந்து முதல் ஏழு தரத்தோடு அலகை மாற்று. உதறிக் காயவைத்து அறையில் வைக்கட்டும்; குளியலறை ஈரம் போதாதென்று இங்கே உப்புக்காற்றும் சேரும். அக்கா தங்கைக்குள்ளும் ஒரே றேசர் கூடாது.

பிறகு குளிர்தண்ணீர் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாசமில்லாத லோஷன். கொலோன் வேண்டாம். தேசிக்காய் வேண்டவே வேண்டாம்: அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுக்கும்.

கடலில் இறங்குவதற்கு ஒரு நாள் முன்பே மழித்து முடிக்கட்டும். புதிதாக மழித்த காலில் உப்பும் மணலும் பட்டால் எரியும். கன்னியா வெந்நீரூற்றுக்கும் அதே கணக்கு. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறதென்றால் லெகிங்ஸ் வேண்டாம், தொளதொளத்த பாவாடை போடச் சொல்லு.

எத்தனை பேர், எந்தத் திகதி என்று எழுது. பாய் தலையணை பார்க்கவேண்டும்.

அன்புடன்,
வசந்தி