எந்தக் குளவிக்கு மருந்தடிக்கச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பட்டாம்பூச்சிக் கட்டுரையில், முட்டையை அழிக்கும் குளவிகளைக் கண்டால் உடனே மருந்தடிக்கச் சொல்லி ஒரு வரி. பக்கத்தில் இருந்த படமோ சுவரில் மண்கூடு கட்டும் குளவி. அது புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி, கூட்டுக்குள் தன் குஞ்சுக்கு இரையாக வைத்து மூடும். பட்டாம்பூச்சி முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டுரை வந்த அன்றே பக்கத்து வீட்டில், முகப்பு உத்திரத்தில் இருந்த கூட்டுக்கு மருந்தடித்துவிட்டார்கள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அந்த வீட்டு ஆச்சி அதைக் கலைக்கவே விட்டதில்லை. ஆச்சி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

முட்டையைத் தாக்குவது டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி; பட்டாம்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், நம்மைக் கொட்டாது. போன வருடம் எங்கள் பின்கட்டுக் கறிவேப்பிலைக் கொழுந்தில் இருந்த ஒரு முட்டையை, இலையோடு கிள்ளி பாட்டிலில் போட்டு வைத்தேன். வெளிர்மஞ்சளாக இருந்தது நாலாம் நாள் கருத்துவிட்டது. புழு வரவில்லை. ஒன்பதாம் நாள் முட்டையில் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை, பாட்டில் சுவரில் நாலைந்து புள்ளிகள் நகர்ந்தன. பூதக்கண்ணாடி வைத்த பிறகுதான் இறக்கை தெரிந்தது. இதை எங்கே கண்டு மருந்தடிப்பது? அடித்தால் கொழுந்தில் இருக்கிற பட்டாம்பூச்சிப் புழுவும் சேர்ந்து சாகும்.

இதே ஒட்டுண்ணியை நெல் அந்துப்பூச்சி முட்டையில் வளர்த்து, அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சிசி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் அளவு முட்டை ஒட்டிய அட்டையில் சுமார் 18,000 முதல் 20,000 முட்டைகள். கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவை முட்டையிலேயே அழிக்க, என் அண்ணன் சாயங்காலத்தில் அதைத் துண்டு துண்டாக வெட்டி, கரும்புத் தோகைக்கு அடியில் கட்டுவார். ஒருமுறை மறுநாளே பக்கத்து வயல்காரர் மருந்தடிக்க, அத்தனையும் வீணானது.

இதையெல்லாம் சொல்லிவந்த விவசாயப் பக்கத்தை நிறுத்தினீர்கள். ஏன் என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் செட்டிநாடு என்றால் உங்கள் இணைப்பில் கோழிக் குழம்பும் பர்மா தேக்குத் தூணும்தான். இந்த வீடுகளின் பின்கட்டில் என்ன செடி, என்ன பூச்சி என்று ஒரு வரி வந்ததில்லை. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு இது.

சரி, இப்போது கேட்பது இவ்வளவுதான். படம் தவறு, மருந்தடிக்க வேண்டாம் என்று அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். அடுத்த ஞாயிறே வந்தால் நல்லது, கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவகோட்டை